அம்மா பிறந்த தீம்பாரைத் தேடி: சுங்கை சிப்புட்டில் மூன்று நாள்

கிள்ளானில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 74 வயது. பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் ஏதோ ஒரு தீம்பாரில் (ரப்பர் தோட்டத்தில்) பிறந்து, 12 வயதில் குடும்பத்தோடு கிளம்பியவர். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் வரப்போகிறார். பிள்ளைகளுக்குத் தோட்டம் காட்ட வேண்டும், மலை ஆறு பார்க்க வேண்டும், அம்மாவுக்குப் பழைய இடம் வேண்டும். எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

நான் இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படித் தேடி வந்த சில குடும்பங்களோடு சுற்றியும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காரில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, தங்கச்சி. அம்மாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கக்கூடும். எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று எல்லாம் துரைமார் காலத்துப் பெயர்கள். கமுனிங் மட்டும் மலாய்ப் பெயர். ஆனால் பெயர் கிடைத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. பெரிய தோட்டம் என்றால் உள்ளே பல டிவிஷன். ஒவ்வொன்றுக்கும் தனி லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), தனி பெரட்டுக் களம் (விடியலில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), தனிக் கோவில். ஒரே தோட்டத்தில் பிறந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வளர்ந்திருக்கலாம். அதனால் அம்மாவிடம் வேறு மாதிரி கேளுங்கள். கோவிலில் என்ன சாமி? ஆறு வீட்டுக்கு எந்தப் பக்கம்? படம் பார்க்க எந்த ஊருக்கு நடந்து போனீங்க? பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மலை வலது கைப் பக்கமா, இடது கைப் பக்கமா? "எஸ்டேட் பேர் என்னம்மா?" என்றால் தெரியாது என்பவர், இந்தக் கேள்விகளுக்கு மடமடவென்று பதில் சொல்வார். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே வந்தால் அந்தத் தாள்தான் வரைபடம்.

இடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கோலகங்சார் போகிற வழியில் ஊர். ரயிலிலும் வரலாம், ஆனால் உங்களுக்குக் கார்தான் சரி. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். அதிலிருந்து பிளுஸ் ஆறு மேற்கே இறங்கி வந்து பேராக் ஆற்றில் சேர்கிறது (பிளஸ் நெடுஞ்சாலைக்கும் இந்த ஆற்றுக்கும் பெயர்தான் ஒன்று, வேறு உறவு இல்லை). டவுனில் இருந்து ஜாலோங், லிந்தாங், லாசா என்று சடக்கு (சாலை) உள்ளே போகப் போக மலை நெருங்கிவரும். தீம்பார்களும் அந்த வழியிலெல்லாம் பரவிக் கிடந்தன. சிப்புட் என்றால் மலாயில் நத்தை. நத்தை ஆறு என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்; சொல்லி வையுங்கள், கடைசியில் அந்த நத்தை திரும்ப வரும்.

முதல் நாள் காலையைப் பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, ஒதுக்குங்கள். அதற்கு விடியும் முன்பே எழுந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு எழுந்து ஹோட்டலில் பசியாறிவிட்டு வந்தால் மரம்தான் இருக்கும், வேலை இருக்காது. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அந்தக் காலத்தில் இருட்டிலேயே பெரட்டுக்கு நிற்க வைத்ததற்குத் துரையின் கண்டிப்பு பாதிக் காரணம், மரத்தின் குணம் பாதிக் காரணம். இப்போது பெரிய தோட்டங்களில் பால்மரம் அருகிவிட்டது. நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களிடம்தான் பார்க்க முடியும். அதற்கு முந்தின நாள் மாலையே போய்ச் சலாம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு கிடையாது, மறுநாள் போங்கள்.

பிள்ளைகளைக் கத்திக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டுங்கள். வெட்டு இடது கைப் பக்கம் உயர்ந்து, வலது பக்கம் சரிந்து இறங்கும். ஏன் அப்படி என்று கேட்டால் வெட்டுகிறவர் "பழக்கம்" என்பார். உண்மையில் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, லேசாக வலது பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதற்கு எதிர்ச் சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். சீவி எடுக்கிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் கத்தி மரத்தைக் காயப்படுத்திவிடும். பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும், அந்த இடத்தில் மறுபடி வெட்ட முடியாது. உங்கள் பாட்டி அந்த அளவை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் எடுத்திருப்பார். பிள்ளைகள் ஒரு மரத்தில் முயன்று பார்க்கட்டும். முதலிலேயே சொல்லுங்கள், பழைய மரமாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

அம்மாவின் கையில் ஒரு மங்குக் கிண்ணத்தையும் (பால் பிடிக்கும் கிண்ணம்) முந்தின வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கிற ரப்பர் நாடாவையும் கொடுங்கள். உரிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்காது. தோட்டத்துப் பிள்ளைகள் அம்மாவோடு நிரைக்கு (மர வரிசைக்கு) போய் முதலில் பழகியது அந்த வேலைதான். ஒட்டுப்பால் (காய்ந்து உறைந்த ரப்பர்) மூட்டை பக்கத்தில் இருந்தால் உங்கள் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். இப்போது சிறு தோட்டக்காரர்கள் பாலைத் தண்ணியாக விற்பதைவிட மங்கிலேயே உறைய விட்டுக் கட்டியாக விற்பதுதான் அதிகம். அதனால் அந்த வாடை முன்பைவிடக் கூடுதல். விதை கிடைத்தால் ஒன்றை சிமெண்டில் தேய்த்துக் கையில் சுரீர் என்று சூடு வைக்கிற விளையாட்டையும் அம்மாவே காட்டுவார்.

அடுத்தது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பார்க்கப் போக வேண்டியதே இல்லை, சடக்கின் இரண்டு பக்கமும் அதுதான். அழகு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி, ஒரே நிழல். ஆனால் ஒரு விஷயம் காட்டுங்கள். மட்டை இடுக்கில் ஆண் பூ விரல் விரலாக நிற்கும். கிட்டப்போனால் சோம்பு வாசனை அடிக்கும். உற்றுப் பார்த்தால் எள்ளை விடச் சற்றுப் பெரிய கருவண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் இருந்து 1981இல் கொண்டுவந்து விட்ட வண்டுகளின் வம்சம் அது. அதற்கு முன்னால் பெண் பூவில் மகரந்தப் பொடி தூவுவது தோட்டங்களில் ஆள் வைத்துச் செய்த வேலை. பெரும்பாலும் பெண்கள். வண்டு வந்தது, காய்ப்பு கூடியது, அந்த வேலை போனது. இப்போது குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். நம் ஆள் மிஞ்சியிருப்பது மாடு மேய்க்கிற இடத்தில். செம்பனை நிழலில் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிற பெரியவர் யாரையாவது கண்டால் நிறுத்திப் பேசுங்கள். எந்த லயம் எங்கே இருந்தது என்று அவரைப் போல் சொல்ல ஆளில்லை.

இப்போது முக்கியமான ஒன்று. லயத்தைத் தேடாதீர்கள், கோவிலைத் தேடுங்கள். பலகை வீடுகளை உடைத்துச் செம்பனை வைத்துவிட்டார்கள். அம்மா பிறந்த வீட்டுக் கதவு இருந்த இடத்தில் இப்போது மரத்தின் தூர் இருக்கும். ஆனால் மாரியம்மனையோ முனியாண்டியையோ பெயர்ப்பது அவ்வளவு சுலபமல்ல. நடுக்காட்டில் செம்பனைக்கு மத்தியில் ஒரு கோபுரம் தெரிந்தால் அதைச் சுற்றித்தான் லயம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் சாமியைக் கும்பிட்டுவிட்டு உபயப் பலகையைப் படியுங்கள். மணி உபயம் இன்னார், தரைக்கல் உபயம் இன்னார், பக்கத்திலேயே "பால்வெட்டுத் தொழிலாளர்கள்" என்று ஊர்ப்பணத்தில் செய்தது. அப்பா பெயர், தாத்தா பெயர் அதில் அகப்பட்டவர்கள் உண்டு. ஒட்டுமொத்தமாக ஊரை விட்டுப் போனவர்களும் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். அந்த நாளோடு உங்கள் பயணம் பொருந்தினால் மற்ற திட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு அங்கேயே இருங்கள்.

தோட்டம் தனியார் நிலம், சொல்லிவிட்டு நுழையுங்கள். ஒருமுறை ஈப்போவில் இருந்து வந்த ஒரு குடும்பத்தை நான் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம், ஒரு தோட்டத்துக் காவல் வாசலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். கூட வந்த பாட்டி, "அப்பவும் இந்த கேட்டுலதான் நிறுத்துனாங்க" என்றார். அதிலிருந்து நான் முதலில் கோவில் தலைவரைப் பிடிப்பதுதான் வழக்கம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வாசல் தடுப்புக் கம்பம் தூக்கிக்கொள்ளும்.

அந்தப் பாட்டி சொன்னது எந்தக் காலம் என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். 1948 ஜூன் 16 காலை, எல்பில் தோட்டத்து நிர்வாகி ஆர்தர் வாக்கரை அவருடைய ஆபீஸிலேயே கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அரை மணி நேரத்துக்குள் பக்கத்துத் தோட்டத்தில் ஜான் அலிசன், அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியன். மூன்று வெள்ளைக்காரத் துரைமார். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிந்தது 1960 ஜூலை 31இல். 12 வருஷம். மூவரின் கல்லறையும் பத்து காஜாவில் இருக்கிறது. சரித்திரப் புத்தகங்கள் சுங்கை சிப்புட்டை இந்த ஒரு நாளுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. துப்பாக்கிக்கும் முள்வேலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட லயத்து ஜனங்களைப் பற்றி அவற்றில் இரண்டு வரிகூடத் தேறாது.

உங்கள் அம்மா பிறந்தது அந்த நடுவில்தான். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்ததும் சிதறிக் கிடந்த சீனக் குடியிருப்புகளைப் புதுக் கிராமங்களாக்கி வேலி போட்டார்கள். தோட்டங்களிலும் லயங்களை ஒரு இடத்தில் சேர்த்து முள்கம்பி கட்டினார்கள். காட்டில் இருந்த கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசிக்குப் படி அளவு. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதனை. வெறும் வயிற்றோடு நிரைக்குப் போய் வந்த காலம் என்று என் அம்மாவும் சொல்வார்.

அம்மா 12 வயதில் ஏன் கிளம்பினார் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயரே வந்தது. ஐந்து ஏக்கர் வாங்கியவனுக்கு லயமும் வேண்டாம், ஆயாக் கொட்டகையும் (குழந்தை காப்பகம்) வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். வேலை போனால் வீடும் போனது. இந்த ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்குப் பதிலாகத்தான்: தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, விற்பனைக்கு வருகிற தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்குவது. தீம்பார் தீம்பாராகப் போய் அவர் பேசினார். அரசியலில் அவரை எப்படி எடை போட்டாலும் இந்த ஒன்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் பிறந்த நாளும் ஜூன் 16தான், 1919. டவுனில் மகாத்மா காந்தி கலாசாலையை அம்மாவுக்குக் காட்டுங்கள். சம்பந்தனின் முயற்சியில் எழுந்த அந்தப் பள்ளியை 1954இல் திறந்துவைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

இரண்டாம் நாள் லாசா சடக்கில் போங்கள். மலை, ஆறு என்று கேட்டீர்களே, அது இதுதான். காலை எட்டு மணிக்குள் போனால் மலை இடுப்பில் மேகம் உட்கார்ந்திருக்கும். செம்பனை முடிந்து டுரியான், பெத்தாய் (அவரை போல் நீளக் காய் காய்க்கும் மரம்), மூங்கில் என்று பச்சை மாறும். பெத்தாய்க் கொத்துகளை வழியோரத்தில் தொங்கவிட்டு விற்பார்கள். உள்ளே பிளுஸ் ஆற்றின் மேல்பக்கம் தெமியார் அஸ்லி (பூர்வகுடி) மக்களின் ஊர்கள். சொல்லாமல் கொள்ளாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே நுழைய வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் அப்படி யாராவது வந்தால் பொறுப்பீர்களா? மாலை இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். காட்டு யானை வருகிற வட்டாரம். செம்பனைக் குருத்து என்றால் அதற்கு உயிர். டுரியான் வேண்டுமானால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வர வேண்டும். டிசம்பரில் மழை அதிகம், ஆற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

மூன்றாம் நாள் கோலகங்சார், அரை மணி நேர ஓட்டம். அங்கே மாவட்ட நில அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டு ஒரு பால்மரம் நிற்கிறது. 1876இல் பிரேசிலில் இருந்து ஆங்கிலேயர் விக்காம் கொண்டுபோன விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அதில் 9 கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் (ஆலோசக அதிகாரி) ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. மிஞ்சியது இந்த ஒன்று என்கிறார்கள். பலர் முதல் நாளே இதைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் கடைசி நாளில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பால் வெட்டைப் பார்த்து, கோவில் உபயப் பலகையைப் படித்துவிட்டு வந்து பார்த்தால்தான் இந்த மரம் எத்தனை பேரைக் கப்பல் ஏற்றியது என்று பிள்ளைகளுக்கு உறைக்கும்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்குப் போய் லக்சா சாப்பிட்டுவிட்டு உபுடியா பள்ளிவாசலை வெளியில் இருந்தாவது பாருங்கள். 1913இல் தொடங்கி 1917இல் முடித்தார்கள். கட்டும்போது இரண்டு யானைகள் சண்டை போட்டு இத்தாலியப் பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டன, மறுபடி தருவித்தார்கள். கராயில் 1900இல் திறந்த விக்டோரியா ரயில் பாலம் இருக்கிறது. இப்போது ரயில் பக்கத்துப் பாலத்தில் போகிறது, பழையதில் நடக்கலாம். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் விட்டுவிடுங்கள். சாயோங்கில் லாபு செய்கிற பட்டறைக்குக் கட்டாயம் போங்கள். சுரைக்காய் வடிவத்துத் தண்ணீர்க் குடுவை. சூளையில் இருந்து தணலாக எடுத்து நெல் உமியில் புதைப்பார்கள், புகை ஏறிக் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். பிள்ளைகள் கையில் களிமண் கொடுக்கிற பட்டறையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் கூட்ட முடிந்தால் மட்டும் லெங்கோங். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பள்ளத்தாக்கு. 1991இல் அங்கே ஒரு குகையில் கிடைத்த பேராக் மனிதனின் எலும்புக்கூடு 10,000 வருஷத்துக்கு மேல் பழையது. கால் மடக்கிப் படுக்க வைத்து, பக்கத்தில் ஆற்று நத்தை ஓடுகளை நிறைய வைத்துப் புதைத்திருந்தார்கள். இதோ, நத்தை வந்துவிட்டது.

கிள்ளான் திரும்பும்போது ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புனில் பம்ப்ளிமாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அளவைப் பார்க்காதீர்கள், கையில் தூக்கினால் கனக்கிறதா என்று பாருங்கள். தோல் கொஞ்சம் சுருங்கும் வரை வைத்துச் சாப்பிட்டால் இனிப்பு கூடும்.

கடைசியாக ஒன்று. மூன்று நாளும் அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், பிள்ளைகள் அழுதாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வழிகாட்டிக் கருவியின் சத்தத்தை அடைத்துவிடுங்கள். ஏதாவது ஒரு வளைவில் அவர் "நில்லு, நில்லு" என்பார். அப்போது சட்டென்று பிரேக் போடாதீர்கள், பின்னால் செம்பனை லோரி வரும். சிக்னல் போட்டு ஓரம் கட்டுங்கள்.